பாரிஸுக்குக் கப்பலேறிய தாப்பிர்ப் படம்



நம் நாட்டுக் காடுகளில் ஒரு பிராணி உண்டு. தலையும் கழுத்தும் தோளும் கரிக்கட்டையைப் போலக் கறுப்பு. கால்கள் நான்கும் கறுப்பு. தோளுக்குப் பின்னாலிருந்து வால் வரையில் மட்டும் யாரோ ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டது போல வெளுப்பு. பன்றி என்று சொல்லலாமென்றால் மூக்கு நீளமாகத் தொங்குகிறது. யானை என்று சொல்லலாமென்றால் உருவம் போதாது. மலாய்க்காரர்கள் இதனைத் தெனுக் என்பார்கள். சீப்பான் என்றும் பாடாக் தம்போங் என்றும் சொல்வதுண்டு. உலகத்தார் வழங்கும் பெயர் தாப்பிர்.

இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், காட்டோரத்து நிரைகளில் பால் வெட்டிப் பழகியவர்கள் இதனை நேரில் பார்க்காவிட்டாலும் இதன் காலடியைப் பார்த்திருக்கக்கூடும். முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று. இரவில் நடமாடும் பிராணி இது. தண்ணீர் இருக்கும் இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. இலை தழைகளைத் தின்னும். 300 கிலோ எடை வரை வளரக்கூடிய இந்த உருவம், நிலா வெளிச்சத்தில் அசையாமல் படுத்திருந்தால் பாறையா, விலங்கா என்று சொல்ல முடியாது. அந்தக் கறுப்பு வெள்ளை, அழகுக்காக ஏற்பட்டதன்று; புலியின் கண்ணுக்குத் தப்புவதற்காக ஏற்பட்டது.

இன்று நாம் பேசப்போவது இந்த விலங்கின் வாழ்க்கையைப் பற்றி அல்ல. இதனுடைய படம் ஒன்றைப் பற்றி. கல்கத்தாவிலிருந்து பாரிஸ் மாநகரத்துக்குக் கப்பலேறிப் போன படம் அது. அதனை அனுப்பியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அந்தப் படம் போய்ச் சேர்ந்த இடத்தில், உலகமே மதித்த ஓர் அறிஞரின் வாக்கு பொய்த்துப் போயிற்று.

அந்த அறிஞரின் பெயர் குவியே. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியராக இருந்தவர். மண்ணில் புதைந்து கிடக்கும் ஓர் எலும்புத் துண்டைக் கையில் கொடுத்தால், அது எந்த விலங்கினுடையது, அந்த விலங்கு எதைத் தின்றது, எப்படி நடந்தது என்று சொல்லக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர். பூமியில் ஒரு காலத்தில் வாழ்ந்து அடியோடு மறைந்துபோன விலங்கினங்கள் உண்டு என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டியவரும் அவரே. அவர் 1812இல் எழுதிய நூலில் ஒரு கருத்தைச் சொன்னார். நாலுகால் பிராணிகளில் பெரியவற்றையெல்லாம் மனிதன் ஏறக்குறையக் கண்டுபிடித்தாயிற்று, இனிமேல் புதிதாக ஒன்று அகப்படும் என்ற நம்பிக்கை மிகக் குறைவு என்பதே அந்தக் கருத்து. தாப்பிர் என்ற இனத்தை அவர் அறிவார். ஆனால் அது தென்னமெரிக்காவில் மட்டுமே உள்ள விலங்கு என்பது அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்களின் முடிவு. தாப்பிர் என்ற சொல்லே பிரேசில் நாட்டுப் பழங்குடியினரான தூப்பி மக்களின் சொல்தான்.

அவர் அப்படி எழுதிய அதே காலத்தில், மலாக்காவுக்குப் பின்னாலுள்ள காடுகளில் கறுப்பு வெள்ளைத் தாப்பிர் இலை மேய்ந்துகொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் அதற்கு மூன்று பெயர்கள் வைத்திருந்தார்கள். ஓராங் அஸ்லி மக்கள் அதன் பாதையை அறிந்திருந்தார்கள். பாரிஸுக்கு மட்டும் அது தெரியாது.

குவியேயிடம் படித்த மாணவர்களுள் ஒருவர் பியேர் மெதார் தியார். 1794இல் பிறந்தவர். 1817ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தார். மறு ஆண்டில் குவியேயின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த மகன் ஆல்பிரட் துவோசெல் என்பவரும் வந்து சேர்ந்தார். இருவரும் அப்போது இளைஞர்கள். தங்கிய இடம் சந்திரநாகூர். நம்மில் பலருடைய முன்னோர்களுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் தெரிந்த ஊர்கள் அல்லவா? அவற்றைப் போலவே வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர் சந்திரநாகூர். அங்கிருந்து அருங்காட்சியகத்துக்காகத் தோலும் எலும்பும் படங்களும் சேர்த்து அனுப்புவதுதான் இவர்களுடைய வேலை.

கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூர் என்ற இடத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கு ஒரு மாளிகையும், அதனோடு ஒரு விலங்குச்சாலையும் இருந்தன. அங்கேதான் தியார் முதன்முதலாக உயிரோடு ஒரு மலாயாத் தாப்பிரைக் கண்டார். அதன் படத்தைப் பாரிஸுக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும் எழுதினார். இவ்வளவு பெரிய விலங்கை இதுவரை யாரும் கண்டுபிடிக்காமல் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது என்ற கருத்தில் எழுதிவிட்டு, அதைவிடப் பெரிய வியப்பு ஒன்றையும் சொன்னார். கல்கத்தா ஆசியக் கழகத்துக்குப் போனபோது அங்கே இதே விலங்கின் தலை ஒன்று ஏற்கெனவே இருந்தது! அனுப்பியவர் மலாக்காவின் ரெசிடெண்ட் பார்குவார். அதனுடன் அவர் எழுதியிருந்த குறிப்பின் சாரம் இது: இந்தத் தீபகற்பத்துக் காடுகளில் யானையும் காண்டாமிருகமும் எவ்வளவு சாதாரணமோ, இந்த விலங்கும் அவ்வளவு சாதாரணம்.

இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

தியாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. பாரிஸில் அந்தத் தலையைப் பற்றி யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் பார்குவாரின் பெயரையும் குறிப்பையும் மறைக்காமல் எழுதி அனுப்பினார். ஆராய்ச்சி உலகத்தில் இந்தக் குணம் எல்லாரிடமும் காணப்படுவதில்லை.

பார்குவார் யார் என்று பார்ப்போம். 1803 முதல் 1818 வரை மலாக்காவின் ரெசிடெண்டாக இருந்தவர். பின்னர் 1819இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாகப் போனவர். சிங்கப்பூர் என்றதும் ராபிள்ஸ் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், பார்குவாரை மறந்துவிடுகிறார்கள். மலாக்காவில் அவர் தம் வீட்டிலேயே ஒரு தாப்பிரை வளர்த்தார். அது நாயைப் போலப் பழகி, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று ரொட்டியும் பலகாரமும் வாங்கித் தின்றதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் 1816இல் ஆசியக் கழகத்துக்கு அனுப்பிய கட்டுரை அச்சில் வந்தது 1820இல். அதற்குள் பாரிஸ் முந்திக்கொண்டது.

பார்குவார் இன்னொரு பெரிய காரியமும் செய்தார். சீன ஓவியர்களை அமர்த்தி, மலாயாவின் மரம் செடி கொடிகளையும் பறவை விலங்குகளையும் படம் படமாக எழுதச் செய்தார். மொத்தம் 477 படங்கள். அவற்றுள் தாப்பிரும் இருக்கிறது. 1827இல் அவற்றை லண்டனிலுள்ள ராயல் ஆசியக் கழகத்துக்குக் கொடுத்தார். 1990களில் அவை ஏலத்துக்கு வந்தபோது ஒரு சிங்கப்பூர்க்காரர் வாங்கி, அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கே அன்பளிப்பாக அளித்துவிட்டார். இப்போது அவை சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை. ஆனால் படம் எழுதிய கைகளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தொகுப்புக்குப் பெயர், எழுதச் சொன்னவருடைய பெயர்தான். தோட்டத்துக்குத் துரையின் பெயர் இருக்கும். மரம் நட்டவனுடைய பெயர் இருக்குமா?

அந்த ஓவியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அறிய நமக்கு ஒரு சாட்சி உண்டு. அவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தில் புதுமைக்கு வழி திறந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவர் உடம்பில் அரபு இரத்தத்தோடு தமிழ் இரத்தமும் ஓடியது. சிறு வயதில் தந்தையார் அவரைத் தமிழ்ப் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நாளில் வழக்கமாக இருந்தது. கணக்கும் வணிகமும் தமிழில் நடந்தன. அந்த அப்துல்லா தம் வரலாற்று நூலில், ராபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது இலை, பூச்சி, சிப்பி என்று வகைவகையாகச் சேர்ப்பதற்கு ஆட்கள் வைத்திருந்ததையும், மக்காவிலிருந்து வந்த சீன ஓவியர் ஒருவர் பழங்களையும் பூக்களையும் உயிருள்ளவை போலவே எழுதியதையும் பாராட்டிச் சொல்லியிருக்கிறார். அவரும் ஊரைச் சொன்னாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை.

படத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு என்று இளைய நேயர்கள் கேட்கலாம். புகைப்படம் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதற்கு முன் ஒரு விலங்கைத் தூரதேசத்தில் உள்ளவருக்குக் காட்ட வேண்டுமானால் உயிரோடு அனுப்ப வேண்டும். அல்லது தோலை உரித்துப் பதம் பண்ணி அனுப்ப வேண்டும். உயிரோடு அனுப்பினால் மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் செத்துப்போகும். தோலை அனுப்பினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அழுகும், பூச்சி அரிக்கும். நன்றாகப் போய்ச் சேர்ந்தாலும் நிறம் மங்கிவிடும். படம் ஒன்றுதான் நிறத்தையும் நிற்கும் விதத்தையும் அப்படியே கொண்டுபோகும். அதனால்தான் அக்காலத்து விலங்குப் படங்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் நிற்கும் கோலத்தில் இருக்கின்றன. கால் எத்தனை, காது எப்படி, வால் எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் எண்ணிவிடலாம்.

தியார் அனுப்பிய படம் பாரிஸில் கல்லச்சு ஏறியது. குவியேயின் தம்பி பிரெதெரிக் குவியேயும், ஜெப்ருவா சேந்த்-இலேர் என்பவரும் பாலூட்டி விலங்குகளின் இயற்கை வரலாறு என்ற பெரிய நூலை 1819 வாக்கில் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். உயிருள்ள விலங்கைப் பார்த்து எழுதிய வண்ணப் படங்கள் என்று அந்த நூலின் தலைப்பிலேயே போட்டிருந்தது. அருங்காட்சியகத்து ஓவியரான வெர்னர் போன்றவர்கள் அதற்குப் படம் எழுதினார்கள். கல்லச்சு என்பது அப்போது புதிய தொழில். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படத்தை வரைவார்கள். கல்லைத் தண்ணீரால் நனைத்து மையைத் தடவினால், எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். மற்ற இடத்தில் ஒட்டாது. அதன்மேல் தாளை அழுத்தி எடுத்தால் படம். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் பூச வேண்டும். நம் தாப்பிருக்கு வண்ணம் பூசியவருக்கு வேலை குறைவாகத்தான் இருந்திருக்கும்!

அதே 1819ஆம் ஆண்டில் தெமாரே என்ற பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தாப்பிரஸ் இண்டிகஸ் என்பது அந்தப் பெயர். இண்டிகஸ் என்றால் இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். நேயர்களே, இந்தியக் காடு எதிலும் தாப்பிர் கிடையாது. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, தாய்லாந்து, மியன்மார் இவைதான் அதன் இருப்பிடம். அந்நாளில் ஐரோப்பியர்கள் வங்காளம் முதல் மொலுக்காஸ் வரையில் எல்லாவற்றையும் இந்தியத் தீவுகள், கிழக்கிந்தியா என்று ஒரே பெயரால் அழைத்ததாலும், செய்தி கல்கத்தா வழியாகப் போனதாலும் இந்த முத்திரை விழுந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து ராபிள்ஸ் மலாயாவின் பெயரை வைத்துத் தாப்பிரஸ் மலயானஸ் என்று எழுதிப் பார்த்தார். ஆனால் விலங்கியலில் முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை. ஆக, இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணை விட்டு எங்கும் போகாத ஒரு பிராணி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இந்தியன் என்று பதிவாகியிருக்கிறது. பதிவேட்டில் ஒரு முறை எழுதிவிட்டால் அதை மாற்றுவது எவ்வளவு பாடு என்பது நம் தோட்டத்து மூத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரெமுசா என்ற பிரெஞ்சு சீனமொழி அறிஞர் 1824இல் ஒரு கட்டுரை எழுதினார். சீனர்களின் பழைய நூல்களில் மோ என்ற பெயரோடு தாப்பிரைப் போன்ற விலங்கின் படம் இருக்கிறது என்று அதில் எடுத்துக் காட்டினார். பாரிஸ் கண்டுபிடித்த விலங்கு பாரிஸ் நூலகத்துச் சீனப் புத்தகங்களிலேயே இருந்திருக்கிறது.

படம் அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? 1818ஆம் ஆண்டின் இறுதியில் தியாரும் துவோசெலும் ராபிள்ஸோடு சேர்ந்து பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா, பென்கூலன் என்று சுற்றினார்கள். 1820இல் சேகரிப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வந்தது. ராபிள்ஸ் பெரும்பகுதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டார். துவோசெல் 1824இல் சென்னையில் காலமானார். வயது 31. தியார் டச்சுக்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்து, 1863இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், காலமானார்.

இனி நம் பேராக்குக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு. 1884இல் ஜாக் தெ மோர்கன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இங்கே வந்து மலையும் ஆறும் அளந்து நிலப்படம் வரைந்தார். பிற்காலத்தில் பாரசீகத்தில் ஹமுராபி மன்னனின் சட்டக்கல்லைத் தோண்டி எடுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இவரே. அதே 1880களில் கிந்தா பள்ளத்தாக்கில் பிரெஞ்சு ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றும் கிளம்பியது. ஈப்போவைச் சுற்றியிருந்த காடு முதலில் ஈயத்துக்காகப் போனது.

பிறகு வந்தது ரப்பர். 1877இல் கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோ 9 ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று என்று போற்றப்படும் முதிய மரம் அந்த ஊரில் இன்றும் நிற்கிறது. அந்தக் கன்றுகளின் பூர்வீகம் பிரேசில். தாப்பிர் என்ற சொல்லின் பூர்வீகமும் பிரேசில். அந்நாட்டுச் சொல்லைத் தாங்கிய விலங்கை, அந்நாட்டு மரம் வந்து காட்டிலிருந்து நகர்த்தியது. 1920களில் மலாயாவில் ரப்பர் நிலம் 20 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார் கங்காணியின் பின்னால் நடந்து வந்து கண்டது, வெட்டிச் சாய்த்து எரித்த காட்டைத்தான். பெரிய மரங்களை வெட்டும் குத்தகையைப் பல இடங்களில் மலாய்க்காரர்களும் ஜாவாக்காரர்களும் சீனர்களும் எடுத்தார்கள். கான் வெட்டுவதும், களை எடுப்பதும், கன்று நடுவதும், பால் வெட்டுவதும் நம்மவர் பங்கு. காட்டை அழிக்க அவர்கள் யாரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தவர்கள் லண்டனில் பங்கு வாங்கினார்கள்.

இப்போது பார்குவாரின் அந்த வரிக்கு வருவோம். யானை, காண்டாமிருகம், தாப்பிர், மூன்றும் சமமாகச் சாதாரணம் என்றார் அவர். காண்டாமிருகம் தீபகற்பத்தில் அற்றுப்போனது. மலேசியாவிலேயே கடைசியாக இருந்த பெண் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்தது. தாப்பிர் அழியும் ஆபத்திலுள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. உலகம் முழுவதிலும் வளர்ந்த தாப்பிர்கள் 2,500க்கும் குறைவு என்பது இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்களின் மதிப்பீடு. இது விரைவாகப் பெருகும் இனமன்று. ஏறக்குறைய 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டிக்குத் தாயின் நிறம் இராது. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக வெள்ளரிப்பிஞ்சு போல இருக்கும். சில மாதங்களில் கோடுகள் மறைந்து கறுப்பும் வெள்ளையும் ஏறும்.

பேராக்கில் அது இன்னும் இருக்கும் இடம், வடக்கே கிரிக்குக்கு அப்பாலுள்ள பெலும்-தெமெங்கோர் காடு. அதில் ஒரு பகுதியை 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள். சிலாங்கூரில் சுங்கை டூசுன் என்ற இடத்தில் வனவிலங்குத் துறை தாப்பிர் பாதுகாப்பு நிலையம் நடத்துகிறது. அடிபட்டும் தாயைப் பிரிந்தும் அகப்படுபவற்றை அங்கே பராமரிக்கிறார்கள்.

ஈப்போவில் இருப்பவர்களுக்குத் தாப்பிர்ப் படம் பார்க்கப் பாரிஸ் போக வேண்டியதில்லை. தம்பூனுக்குப் போனால் போதும். சுண்ணாம்பு மலையின் செங்குத்துப் பாறையில், செங்காவிக் கல்லை அரைத்துத் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. 1959இல் கூர்க்காப் படையைச் சேர்ந்த ராலிங்ஸ் என்ற அதிகாரி கண்டு சொன்ன பிறகு வெளியுலகுக்குத் தெரிந்தவை. அண்மைக் காலத்து ஆய்வாளர்கள் 600க்கும் மேற்பட்ட உருவங்களை எண்ணியிருக்கிறார்கள். மனிதர், மான், கடலில் வாழும் ஆவுளியா, இவற்றோடு தாப்பிரையும் அவர்கள் அடையாளம் காண்கிறார்கள். அங்கும் விலங்குகள் பக்கவாட்டில்தான் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் போங்கள். பாறையைக் கையால் தடவ வேண்டாம். வியர்வை பட்டால் ஓவியம் கெடும்.

இப்போது எழுதப்படும் தாப்பிர்ப் படங்களை நெடுஞ்சாலை ஓரங்களில் காணலாம். காட்டை ஊடுருவிச் செல்லும் சாலைகளில், மஞ்சள் பலகையில் கறுப்பாக ஓர் உருவம்: சிறு தும்பிக்கை, குட்டை வால், நான்கு கால். பழைய ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிய பிறகு, ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக அது இரவில் தார்ச்சாலையைக் கடக்கிறது. அதன் கண் மங்கல். வண்டி விளக்கைக் கண்டால் திகைத்து நடுச்சாலையில் நின்றுவிடும். இரவில் லோரி ஓட்டும் நம் பிள்ளைகள் அந்தப் பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தால், கடந்து போக அதற்கு அரை நிமிடம் போதும்.